எதை அறுப்பது?

ஒன்றைக் காக்கும்பொருட்டு மற்றொன்றை அழித்தல் அறமாகுமா? ஆகுமெனில், எதை அழிக்கலாம், எதை அழிக்கலாகாது என்பதைத் தீர்மானிக்க உரியவர் யார்? இக்கேள்வியைப் போர்க்களத்தைப் பற்றி எழுதுவோரும் அரச நீதியைப் பற்றி எழுதுவோரும் பலமுறை கேட்டிருக்கின்றனர். வைத்தியரும் கேட்பதுண்டு, அழுகிய விரலை நீக்கிக் கையைக் காப்பது அவர் தொழிலன்றோ? நான் இன்று இதனை அத்தகைய பெரிய இடங்களில் வைத்து ஆராயப் போவதில்லை. பழைய மோட்டார் வண்டி ஒன்றின் அடியிலே, துருவேறி இறுகிப்போன ஒரு போல்ட்டின் முன்னே வைத்து ஆராய விரும்புகிறேன். நேயர்கள் நகைக்கலாம். போல்ட்டுக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவலாம். பெரிய இடங்களில் இக்கேள்வி ஏட்டளவில் நின்று தலைமுறை தலைமுறையாக வாதத்துக்கு இடந்தரும். பட்டறையிலோ பொழுது சாய்வதற்குள் கையால் விடை சொல்லியாக வேண்டும். விடை தவறினால், பின்னொரு நாள் அவ்வண்டியில் ஏறிச் செல்பவர் உயிருக்கு ஆபத்து. ஆதலின் அங்கே நின்று கேட்பது பயனுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய வண்டிகளை வாங்கி, பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் சாலையில் ஓடச் செய்யும் ஆசை நம் ஊர்களில் சிலருக்கு உண்டு. அதனை வீண் ஆசை என்று தள்ளுவோரும் உளர். மாதச் சம்பளம் மாதத்துக்கே போதாத குடும்பங்கள் நிறைந்த இடத்தில் அவர் கூற்றைப் பொய்யென்று சொல்ல முடியாது. நானோ தோட்டத்து ஆபீசிலே கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் ஒரு பலகையின் மேலமர்ந்து பிறர் உழைப்பதைப் பார்ப்பதில் எனக்குப் பிரியம். காசு செலவில்லாத பொழுதுபோக்கு அது. அங்கே கண்டவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

டிரையம்ப் ஹெரால்டு என்னும் வண்டியை நேயர்களில் முதியவர் அறிவர். இங்கிலாந்திலே காவெண்ட்ரி நகரத்தில் 1959-ஆம் ஆண்டு வெளிவந்து, 1971 வரை செய்யப்பட்டது. உருவத்தை வரைந்தவர் மிக்கேலொட்டி என்னும் இத்தாலியர். முன்புறத்து மூடியும் சக்கரக் காப்பும் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். யந்திரமும் முன்சக்கரங்களின் உறுப்புகளும் அப்படியே கண்முன் வந்து நிற்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் சாமர்த்தியத்தை அக்காலத்தில் வெகுவாகப் புகழ்ந்தனர். 1961 முதல் சென்னையிலும் இவ்வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயருடன் செய்யப்பட்டது. ஆகவே இதன் போல்ட்டுகளை முடுக்கிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு என்பதை நினைவில் வைத்து மேலே செல்வோம்.

அவ்வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். இதை அறியாமல் மேலே சொல்லப் போவது விளங்காது. சக்கரத்தை ஏந்தி நிற்பது எஃகினாலான ஒரு நெடுங்கால். அதன் அடிநுனியில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரனியன் எனப்படும் பித்தளைக் கட்டி ஒன்றுக்குள் திருகி நிற்கும். நாம் ஸ்டீரிங்கைத் திருப்புந்தோறும் நெடுங்கால் அந்த மரையிலேயே சுழலும். டிரனியனைக் குறுக்கே ஊடுருவி ஒரு நீண்ட போல்ட் செல்லும். அதுவே வண்டியின் கீழ்க்கையோடு டிரனியனைப் பிணைப்பது. போல்ட்டைச் சுற்றி ஓர் எஃகுக் குழல், குழலைச் சுற்றி நைலான் புஷ்கள். சாலையின் மேடுபள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்க, இந்த மூட்டு அசைந்து கொடுக்கும். திரும்புவதற்கு மரை, ஏறி இறங்குவதற்குப் போல்ட்: இவ்விரண்டு மூட்டுகளை நம்பியே வண்டியிலுள்ளோர் அனைவரும் பயணம் செய்கின்றனர்.

நெடுங்காலின் மரைக்கு இ.பி. 90 என்னும் கியர் எண்ணெய் விட வேண்டும் என்பது வண்டி செய்தவர் கூறிய விதி. எண்ணெய் இளகியது, மரையின் இடுக்குகளிலெல்லாம் இறங்கி அடிவரை சென்று நிற்கும். விதியைப் படியாமல், மற்ற வண்டிகளுக்குச் செய்வதுபோல் இதற்கும் கிரீஸ் அடைத்தவர் பலர். கிரீஸ் கெட்டியானது. மேலே தங்கிவிடும்; அடியிலே நீர் புகும்; உள்ளே எஃகு அரிக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிரீஸ் வழிய வழிய, நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டியாகவே தோன்றும். ஒரு நாள் திருப்பம் ஒன்றில் கால் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பராமரிப்பே இல்லாததால் கெட்ட வண்டிகளும் உண்டு. அன்போடு பராமரிக்கப்பட்டுக் கெட்ட வண்டிகளும் உண்டு. இரண்டாவது வகை மனத்தை அதிகம் வருத்துகிறது.

குறுக்குப் போல்ட்டின் கதை வேறு. அது ஆண்டுக்கணக்காகக் குழலுக்குள் அசையாமல் கிடப்பது. மழைநீரும் செம்மண் சேறும் அந்த மெல்லிய இடைவெளியில் புகுந்து துருவை உண்டாக்கும். துரு என்பது இரும்பு தேய்ந்து போவது என்றே நாம் நினைக்கிறோம். அதன் கன அளவு, அது எந்த இரும்பிலிருந்து உண்டாயிற்றோ அந்த இரும்பின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்டது. வெளியிலே உண்டாகும் துரு உதிர்ந்து விழ இடமுண்டு. அடைபட்ட குழலுக்குள் அது எங்கே செல்லும்? இடமின்றி நெருக்கும், நெருக்கி இருபுறத்தையும் கவ்விக்கொள்ளும். முன்பு விரலால் உருவக்கூடியதாயிருந்த போல்ட்டும் குழலும் ஒரே இரும்புத் துண்டுபோல் ஆகிவிடும்.

அத்தகைய போல்ட்டைக் கண்டதும் பெரும்பாலோர் செய்வது யாது? ஸ்பேனரை மாட்டி இழுப்பர். அசையாது. வசைமொழி ஒன்று வெளிப்படும். பின்னர் ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் தம் உடற்பாரம் முழுவதையும் தொங்கவிடுவர். ஓர் அடி நீளமுள்ள ஸ்பேனர் நான்கடி ஆனால், அதே கையின் வலிமை போல்ட்டின்மேல் நான்கு மடங்காகிறது. போல்ட்டின் உலோகமோ நான்கு மடங்காவதில்லை. “டக்” என்ற ஓசையுடன் தலை முறியும். தலையுடன் இருந்த போல்ட்டைப் பிடிப்பதற்காவது ஓர் இடமிருந்தது; இப்பொழுது அதுவும் இல்லை. நம் மொழியில் இத்தகைய போல்ட்டைப் பிடிவாதம் பிடிக்கிறது என்கிறோம். பிடிவாதம் என்று பெயரிட்டவுடனே அதனை அடக்க வேண்டும் என்ற எண்ணம் பின்தொடர்ந்து வந்துவிடுகிறது. போல்ட்டுக்கு மனமில்லை. யாரோ செய்யத் தவறியதும் மழை செய்ததும் அதில் சேர்ந்து கிடக்கின்றன, அவ்வளவே. தண்டனைக்குரிய பொருளாக ஒன்றை எண்ணிக்கொண்டு தொடங்கும் வேலை அநேகமாக முறிவிலே முடிவதை அப்பலகையில் அமர்ந்து பலமுறை பார்த்துவிட்டேன்.

கைதேர்ந்தவர் முறை வேறு. முதலில் கம்பித் தூரிகையால் வெளித்துருவையும் மண்ணையும் நீக்குவர். பிறகு இடுக்கில் ஊறும் மெல்லிய எண்ணெயைத் தடவி, சிறு சுத்தியலால் தட்டிவிட்டுச் சென்றுவிடுவர். மறுநாளும் அவ்வாறே. அவிழ்ப்பதற்கு முன் ஒரு சிறிது முடுக்கிப் பார்ப்பர். அவிழ்க்க வேண்டியதை முடுக்குவதேன் என்று கேட்கலாம். துருவின் பிடி எத்திசையில் விண்டாலும் விண்டதே. பின்னர் அரைச்சுற்று அவிழ்த்துக் கால்சுற்று முடுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் அவிழ்ப்பர். நெருப்பையும் பயன்படுத்துவர். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 11 மில்லிமீட்டர் துளையை 300 டிகிரி சூடேற்றினால் அத்துளை 0.04 மில்லிமீட்டர் அகலும். மயிரிழையிலும் மெல்லிய அளவு. அம்மயிரிழையே துருவின் கவ்வலை உடைத்துவிடப் போதும். நட்டைச் சூடாக்குவதும் போல்ட்டைக் குளிர்ந்திருக்க விடுவதுமே இங்கு திறமை. இரண்டையும் சேர்த்துக் காய்ச்சுபவன் நெருப்பைச் செலவழித்ததுதான் மிச்சம்.

ஸ்டீரிங்கின் டை ராட் நுனி இறுகியிருந்தால் அதற்கு இன்னொரு வித்தை. அந்நுனி கூம்புபோல் சரிந்து ஒரு கண்ணுக்குள் செருகியிருப்பது. மேலிருந்து எத்தனை அடித்தாலும் அசையாது, மரைதான் கெடும். கண்ணின் ஒரு பக்கத்தில் பெரிய சம்மட்டியை அண்டை கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் மற்றொரு சுத்தியலால் ஒரே அடி அடித்தால், கண் கணநேரம் நெளிய, நுனி தானே கழன்று கீழே விழும். அடி என்னவோ பலமானதுதான். விழுகிற இடமும் நேரமும் வேறு. திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துச் சென்றார். அரசனுக்குச் சொன்னார் என்பர். சுத்தியல் பிடிப்பவனுக்கும் அந்த வரிசை அப்படியே பொருந்துவதைக் கண்டு நான் வியந்ததுண்டு.

இதுவரை பொறுமையின் பெருமையைப் பேசினேன். பொறுமையும் ஓரிடத்தில் குற்றமாகும் என்பதைச் சொல்லாவிட்டால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஹெரால்டு ஒன்றை அப்பட்டறைக்குக் கொண்டுவந்தார். அவர் தகப்பனார் வைத்திருந்த வண்டி. நெடுங்காலம் கொட்டகையில் கிடந்தது. இடப்பக்கத்துக் குறுக்குப் போல்ட் இறுகிவிட்டது. பதினொரு நாள் எண்ணெய் விட்டனர். பன்னிரண்டாம் நாள் ஸ்பேனரை வைத்ததும் போல்ட்டின் தலை சுழன்றது. ஆசிரியர் மகிழ்ந்து, “கழன்றுவிட்டது!” என்றார். பட்டறைக்காரர் மகிழவில்லை. சுழன்றது போல்ட் மட்டுமன்று. அதனோடு ஒட்டிய குழலும் சேர்ந்து நைலான் புஷ்ஷுக்குள் சுழன்றுகொண்டிருந்தது. நாள் முழுதும் சுற்றினாலும் அது ஓர் அங்குலமும் வெளியே வராது.

“ஐயா, இனி எண்ணெய் விட்டுப் பயனில்லை. ரம்பம் வைக்க வேண்டியதுதான்” என்றார் பட்டறைக்காரர்.

“தம்பி, இது காவெண்ட்ரியிலிருந்து வந்தபடியே இருக்கிற போல்ட். எங்கள் அப்பா இருந்த காலத்தில் இருந்தது. அதை அறுத்துவிட்டால் வண்டி அதே வண்டியாக இருக்குமா?”

“நெருப்பு வைத்தால் புஷ் உருகிப் புகையும்; பக்கத்திலிருக்கிற காலின் பதமும் கெடலாம். சம்மட்டியால் அடித்தால் கீழ்க்கை வளையும். போல்ட்டை விடமாட்டேன் என்றால், ஐயா, மற்ற மூன்றையும் விட வேண்டி வரும்.”

ஆசிரியர் விடை சொல்லாமல் வெளியே சென்று நின்றார். அவர் கேட்ட கேள்வி பழமையானது. ஆதென்ஸ் நகரத்தார் தேசியஸ் என்னும் வீரனுடைய முப்பது துடுப்புக் கப்பலை நெடுங்காலம் பாதுகாத்தனர் என்றும், உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை வைத்துக்கொண்டே வந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்னும் ஆங்கிலேயர் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார்: கழித்த பழைய பலகைகளை ஒருவன் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்து, அவற்றாலேயே மற்றொரு கப்பலைக் கட்டிவிட்டால், இரண்டில் எது தேசியஸின் கப்பல்? ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளில் இதனைக் கேட்டு நாங்கள் இரவெல்லாம் வாதாடியதுண்டு. பட்டறையிலே எண்ணிப் பார்த்தபோது, அக்கேள்வியில் ஒரு குறை தென்பட்டது. கேட்டவர் யாரும் அக்கப்பலில் ஏறிக் கடலுக்குப் போகவேண்டியவர் அல்லர். உளுத்த பலகைகளால் கட்டிய கப்பலில் தம் பிள்ளையை ஏற்றி அனுப்ப வேண்டும் என்றால், ஹாப்ஸ் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டிருப்பார்.

அரும்பொருட்சாலையில் கயிறு கட்டி நிறுத்தப்படும் வண்டிக்கு நியாயம் வேறு. அங்கே துருவும் சரித்திரமே. சாலையில் ஓட வேண்டிய வண்டிக்கு அதன் ஓட்டமே உயிர். அப்படிப்பட்ட வண்டியில் எல்லா உறுப்பும் ஒரே தரத்தவையல்ல. போல்ட், குழல், புஷ் மூன்றும் தேய்வதற்கென்றே அமைந்தவை. செய்தவரே அவற்றை மாற்றுறுப்பாகத் தனியே விற்றனர். கீழ்க்கையையும் நெடுங்காலையும் நீடித்திருக்க அமைத்தனர். போல்ட்டுக்காகக் கையை வளைப்பது, அதனைச் செய்தவரின் கருத்துக்கே மாறானது. பழமையை மதிப்பதாக எண்ணிக்கொண்டு அதனைச் செய்தவரை அவமதிக்கும் செயல் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் பழையது அனைத்தையும் வெட்டியெறி, புதியதை வாங்கி மாட்டு என்று கூறும் அவசரக்காரருக்கு இதனால் ஆதரவு கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். பழைய வண்டிகளுக்கென இன்று செய்யப்படும் மாற்றுறுப்புகளில் நல்லவையும் உண்டு, மட்டமானவையும் உண்டு. புதிய ரப்பர் புஷ் சில மாதங்களில் வெடித்துப் போனதைக் கண்டவர் பலர். அச்சில் அடித்துச் செய்த பழைய எஃகுக் கையைச் சோம்பலால் அறுத்தெறிந்துவிட்டு, யார் செய்தாரென்று தெரியாத ஒன்றை அவ்விடத்தில் வைப்பவன், நல்லதைக் கொடுத்துப் பொல்லாததை வாங்குகிறான். பதினொரு நாள் எண்ணெய் விட்டது வீணன்று. முடிந்த அளவு முயன்ற பிறகே ரம்பத்தை எடுத்தார் அப்பட்டறைக்காரர்; எடுக்கும் முன் மாற்றுப் போல்ட் கையிலிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

ஆசிரியர் திரும்பி வந்து தலையசைத்தார். கீழ்க்கைக்கும் டிரனியனுக்கும் இடையே இருக்கும் சிறிய சந்தில் ரம்பத்தகட்டை நுழைத்து, ஒருபுறம் அரைமணி, மறுபுறம் அரைமணி அறுத்தனர். கையில் ஒரு கீறலும் இல்லை. டிரனியன் தனியே வந்தது. அதனை நெடுங்காலிலிருந்து திருகி எடுத்தபோதுதான் எல்லோரும் மௌனமாயினர். மரையின் ஓரிடத்தில் துரு வளையம்போல் சுற்றி அரித்திருந்தது. நகம் நுழையும் பள்ளம். மேலே பழைய கிரீஸ் கட்டிகட்டியாக இருந்தது. தம் தகப்பனார் மாதந்தவறாமல் தம் கையாலேயே கிரீஸ் அடைப்பார் என்று ஆசிரியர் மெல்லச் சொன்னார். போல்ட்டை அறுக்கவிடாமல் அவர் மேலும் தடுத்திருந்தால், அல்லது மேலே வர்ணம் பூசி அப்படியே ஓட்டியிருந்தால், அந்தக் காலின்மேல்தான் பேரப்பிள்ளைகள் பயணம் செய்திருப்பர்.

இந்த இடத்தில் இக்கட்டுரையின் முதற்கேள்விக்கு நான் ஒரு விடை தரத் துணிகிறேன். அறுத்துப்போட்ட போல்ட் ஓர் அழிவுதான். ஆயினும் அது கண்ணுக்குத் தெரிகிற அழிவு. எல்லோரும் பார்த்தனர், இடத்தில் புதியது வந்தது, கணக்கு நேராயிற்று. கண்ணுக்குத் தெரியாத அழிவு ஒன்று உண்டு. அவசரத்தில் காலைச் செந்நிறமாகக் காய்ச்சி, அதன் பதத்தைக் கெடுத்து, ஆறியபின் கறுப்பு வர்ணம் பூசி மாட்டிவிடலாம். உளி நழுவி எஃகுக் கையில் வெட்டிய தழும்பை அரத்தால் தேய்த்து மறைத்துவிடலாம். அத்தழும்பிலிருந்து விரிசல் பல்லாயிரம் அசைவுகளுக்குப் பின் மெல்ல வளரும். வண்டி வெளியே செல்லும் நாளில் அது மற்ற வண்டிகளைப்போலவே பளபளக்கும். முன்னதைச் செய்ய நான் அனுமதி கொடுப்பேன். பின்னதைக் களவு என்றே சொல்வேன். பொருளின் உரிமையாளரிடமிருந்து, தன் வண்டியின் நிலையைத் தானே அறிந்திருக்கும் உரிமையை அது திருடிவிடுகிறது.

எங்கள் ஆபீசிலே செக்ரோலில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால், அதனை அழிக்கக்கூடாது. குறுக்கே ஒரு கோடிட்டு, பழைய எண் கீழே தெரியும்படி விட்டு, சரியான எண்ணை மேலே எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுரண்டி எழுதிய எண் சரியாகவே இருந்தாலும் அது குற்றம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதன் நியாயம் முதலில் விளங்குவதில்லை. சரியான எண் இருந்தால் போதாதா என்பர். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கென 1964-ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் வகுக்கப்பட்ட விதிகளிலும் இதே கருத்து இருக்கிறது: இழந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசைந்து நிற்க வேண்டும், ஆயினும் பழையதிலிருந்து வேறு என்று தெரியவும் வேண்டும். கட்டடக் கலைஞரும் தோட்டத்துக் கிராணியும் ஒரே விதியில் வந்து சேர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. இருவரும் பிறருடைய பொருளைக் கையாள்கிறவர்கள்.

குற்றத்தை முழுவதும் பட்டறைக்காரர் தலையில் சுமத்துவதும் நீதியன்று. “மாலைக்குள் முடியவேண்டும், மலிவாக முடியவேண்டும், பழைய உறுப்பு எதுவும் போகக்கூடாது” என்று மூன்றையும் ஒருசேரக் கேட்கும் உரிமையாளர், பொய் சொல்லும்படி அவரை நிர்ப்பந்திக்கிறார். பன்னிரண்டு நாள் வேலைக்கு இரண்டு நாள் கூலி கொடுத்தால், மிச்சம் பத்து நாளை நெருப்பும் வர்ணமும்தான் ஈடுசெய்யும்.

இன்னொன்றும் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்திருப்பது யார்? முன்சக்கரத்தின் சுருள்வில் வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக அமுக்கப்பட்டு நிற்பது. அதனை அடக்கும் கருவியின்றி உச்சியிலுள்ள நட்டை அவிழ்த்தால், எதிரே நிற்பவர் முகத்திலே பாயும். பின்புறத்துப் பட்டை வில்லும் அவ்வாறே. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி அடியில் புகுந்து நசுங்கியவர் கதை பட்டறைதோறும் உண்டு. நாக முலாம் பூசிய போல்ட்டைக் காய்ச்சினால் எழும் வெண்புகையும், எரியும் ரப்பரின் கரும்புகையும் மார்புக்கு விஷம். இவையெல்லாம் முதலாளிக்குத் தெரியும். தொழில் பழகவந்த பதினாறு வயதுப் பையனுக்குத் தெரியாது. இடுக்கில் நுழைவதற்கு ஒல்லியான உடம்பு வேண்டும் என்று அவனைத்தான் உள்ளே அனுப்புகின்றனர். ஒரு பழைய போல்ட்டைக் காப்பாற்றுவதற்கு எத்தனை ஆபத்து தகும் என்று கணக்கிடுபவர், அந்த ஆபத்தைத் தாமே ஏற்பவராக இருக்கவேண்டும். அப்பட்டறைக்காரர் அன்று தாமே அடியில் படுத்தார். பையனை விளக்குப் பிடிக்கச் சொன்னார். வண்டி மரக்கட்டைகளின்மேலும் இரும்புத் தாங்கிகளின்மேலும் அமர்ந்திருந்தது. இதற்காக அவரைப் புகழ வேண்டியிருப்பதே நம் பட்டறைகளின் நிலையைக் காட்டுகிறது.

மீண்டும் பூட்டும்போது அவர் செய்தவற்றையும் பார்த்திருந்தேன். இடப்பக்கத்து மரை வலப்பக்கத்து மரைக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. ஆதலின் மாற்று டிரனியனையும் காலையும் பக்கம் பார்த்து எடுத்தார். புதுப் போல்ட்டின் உடலெங்கும் துருத்தடுக்கும் பசையைத் தடவினார். கீழ்க்கையின் உட்புறத்து ரப்பர் புஷ்களின் நட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவில்லை; வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தின்மேல் அமர்ந்த பிறகே இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் எப்பொழுதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியுமாம். டிரனியனுக்கு இ.பி. 90 எண்ணெயை, அடிவரை இறங்குமட்டும் விட்டார்.

“பசை எதற்கு, அண்ணே? இனி இதைக் கழற்றப் போவது எப்பொழுதோ” என்றேன்.

“எப்பொழுதோ ஒருவன் கழற்றுவான் அல்லவா, கிராணியார்? அவன் என்னைத் திட்டாமல் கழற்றட்டுமே” என்றார்.

அறுத்தெடுத்த போல்ட்டின் துண்டுகளையும் அரித்துப்போன நெடுங்காலையும் பழைய இரும்புக் குவியலில் போட ஆசிரியர் ஒப்பவில்லை. பிஸ்கட் டின் ஒன்றில் போல்ட் துண்டுகளை இட்டார். கால் அதில் அடங்காமையால் துணியில் சுற்றினார். பெட்டியின்மேல் ஒட்டும் தாளில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். கணக்கெழுதுகிறவன் முறைப்படி சொன்னேன். “இடப்பக்க முன்சக்கரம். குறுக்குப் போல்ட், அறுத்து எடுத்தது. நெடுங்கால், மரை அரித்தது. டிரனியன் உட்படப் புதியன வைக்கப்பட்டன” என்று தம் அழகிய கையெழுத்தில் எழுதி, தேதியிட்டு, ஒப்பமும் வைத்து, வண்டியின் பின்பெட்டியில் வைத்தார். வலப்பக்கத்துப் போல்ட்டுக்கு இப்பொழுது எண்ணெய் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்றோடு நான்காம் நாள்.